சூழ்நிலையும் நாமும்

நமது பள்ளியில் நாள்தோறும் நடைபெறும் ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் நினைத்துப் பார்ப்போம். நண்பகல் உணவு முடிந்து விளையாட்டுத் திடலில் ஓடிப் பிடித்து ஆரவாரம் செய்யும் மாணவியர், சிற்றாலயத்தின் வாசற்படியில் கால் வைத்தவுடன் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றனர். ஓடி வந்த கால்கள் மெல்ல நடக்கின்றன. கைகள் தாமாகக் குவிகின்றன. "பேசாதே" என்று சொல்ல அங்கே யாரும் காவல் நிற்பதில்லை. அதே மாணவியர்தாம், அதே நேரந்தான். மாறியது இடம் ஒன்றே. மங்கலான வெளிச்சமும், பீடத்தருகே எரியும் விளக்கும், முழந்தாளிட்டிருப்போரின் அமைதியும் சேர்ந்து, வாய்ச்சொல் இல்லாமலே ஒரு கட்டளையை இட்டுவிடுகின்றன.

"பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்" என்று நம் முன்னோர் கூறினர். நல்லோர் சேர்க்கையின் பயனைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம், கட்டுரைகளும் எழுதியிருக்கிறோம். ஆனால் மனிதரைப் போலவே இடமும் நம்மோடு சேர்கிறது; நம்மை மாற்றுகிறது. இதைத் தமிழர் அறியாதவர் அல்லர். தொல்காப்பியம் அகப்பொருளை வகுக்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. உணவும் தொழிலும் பறவையும் மரமும் கருப்பொருள் ஆயின. மனத்தின் உணர்ச்சிகள் உரிப்பொருளாக அவற்றோடு இணைக்கப்பட்டன. இது இலக்கிய மரபுதான் என்றாலும், மனிதனின் மனத்தைச் சொல்லப் புகுந்தவர்கள் அவன் நிற்கும் மண்ணை முதலில் சொன்னார்கள் என்பது எண்ணத்தக்கது.

வீடு, வகுப்பறை, தெரு, வெளிச்சம், இரைச்சல், மரம், நாற்காலி ஆகிய இவை நம் நடத்தையையும் நலத்தையும் எவ்வாறு ஆக்குகின்றன என்பதை உளநூல் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

இடம் இடும் கட்டளை

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய குர்ட் லெவின் என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டில் ஒரு சுருக்கமான விதியைக் கூறினார். ஒருவருடைய நடத்தை, அவரையும் அவர் இருக்கும் சூழ்நிலையையும் ஒருங்கே பொறுத்தது என்பதே அது. ஆளை மட்டும் பார்த்து நடத்தையைக் கணிக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவரிடம் பயின்ற ரோஜர் பார்க்கர் இக்கருத்தை ஆய்வுக்கூடத்திற்கு வெளியே கொண்டு வந்தார். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்கலூசா என்ற சிற்றூரில் 1947ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்து, ஊர் மக்களோடு மக்களாக வாழ்ந்து அவர்களுடைய அன்றாட வாழ்வைக் குறித்து வந்தார். 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை, அவன் காலையில் கண் விழித்தது முதல் இரவு உறங்கும் வரை, எட்டுப் பேர் முறை வைத்துப் பின்தொடர்ந்து, அவன் செய்தவை அனைத்தையும் எழுதினர். அது பின்னர் ஒரு முழுப் புத்தகமாகவே வெளிவந்தது.

இத்தகைய குறிப்புகளிலிருந்து பார்க்கர் கண்ட உண்மை வியப்பானது. ஒரு குழந்தை அடுத்து என்ன செய்யும் என்பதை அறிய, அதன் குணத்தைத் தெரிந்துகொள்வதைவிட அது எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் உதவியாக இருந்தது. கடையில் எல்லாக் குழந்தைகளும் கடைக்கு ஏற்றபடி நடந்தனர். கோயிலில் கோயிலுக்கு ஏற்றபடி நடந்தனர். ஒரே இடத்தில் இருக்கும் இரு குழந்தைகளின் நடத்தையில் காணப்பட்ட ஒற்றுமை, ஒரே குழந்தை இரு வேறு இடங்களில் நடந்துகொள்வதில் காணப்படவில்லை.

இதைப் படிக்கும் மாணவி ஒருத்தி, "அப்படியானால் நான் வகுப்பில் பேசுவதற்கு வகுப்புதான் காரணம்" என்று ஆசிரியையிடம் வாதாட முன்வரலாம்! சற்றுப் பொறுத்திருக்குமாறு அவளைக் கேட்டுக்கொள்கிறேன். இக்கட்டுரையின் இறுதியில் அவளுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

இரைச்சலும் படிப்பும்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளி. அதன் ஒரு பக்கத்தில், உயர்ந்த தூண்களின் மேல் அமைந்த இருப்புப் பாதை செல்கிறது. 1970களில் பள்ளி நேரத்தில் ஏறத்தாழ நாலரை நிமிடத்திற்கு ஒரு முறை ரயில் பேரிரைச்சலோடு கடந்து சென்றது. ரயில் போகும் வரை ஆசிரியை பாடத்தை நிறுத்த வேண்டும்; அல்லது தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

அப்பள்ளியில் பயின்ற ஒரு குழந்தையின் தாய், ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளநூல் பேராசிரியையிடம் மாணவியாக இருந்தார். இரைச்சலால் தம் பிள்ளைகள் படிக்க முடியாமல் தவிக்கின்றனர் என்று அவர் முறையிட்டார். வெறும் முறையீட்டை அதிகாரிகள் ஏற்கமாட்டார்கள், சான்று வேண்டும். பேராசிரியை ஓர் எளிய வழியைக் கண்டார். அதே கட்டடத்தில் இருப்புப் பாதையை நோக்கிய வகுப்புகளும் இருந்தன. மறுபுறத்தில் அமைதியான வகுப்புகளும் இருந்தன. இருபுறத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார்.

1975ஆம் ஆண்டு வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. இரைச்சல் பக்கத்தில் படித்த பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை எட்டும்போது இந்தப் பின்னடைவு ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பின் அளவுக்கு வந்துவிட்டது. ஒரே பள்ளி, ஒரே பாடத்திட்டம், ஒரே பகுதியின் பிள்ளைகள். சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இதன் பின்னர் ரயில் நிர்வாகம் தண்டவாளங்களின் அடியில் ரப்பர் மெத்தைகளைப் பொருத்தியது. கல்வித்துறை அந்த வகுப்பறைகளின் மேற்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளை அமைத்தது. மறுபடியும் ஆராய்ந்தபோது இருபுறத்துப் பிள்ளைகளும் ஒரே அளவில் வாசித்தனர். இது 1981ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. பிள்ளைகளின் மூளை மாறவில்லை. ஆசிரியைகளின் திறமை மாறவில்லை. ரப்பரும் பலகையும் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன!

இரைச்சல் எவ்வாறு வாசிப்பைக் கெடுக்கிறது? அதே நகரில், நெடுஞ்சாலைக்கு மேலே கட்டப்பட்ட உயர்ந்த அடுக்கு மாடி வீடுகளில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. 1973ஆம் ஆண்டு வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, இரைச்சல் மிகுந்த கீழ்த் தளங்களில் நான்கு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்ந்த குழந்தைகள், ஒலியில் நெருங்கிய சொற்களைப் பிரித்தறிவதில் தடுமாறினர். இரைச்சலைத் தாங்குவதற்காகக் குழந்தை தன் காதைப் பழக்கிக் கொள்கிறது. வரும் ஒலிகளைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. அப்படி விடும்போது வண்டிச் சத்தத்தோடு மனிதக் குரலின் நுட்பங்களும் சேர்ந்து நழுவிப் போகின்றன. தமிழில் "பள்ளி" என்பதையும் "பல்லி" என்பதையும் காதால் பிரித்தறியாத குழந்தை எப்படிப் பிழையின்றி எழுதும்? "பழகிவிட்டது, எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை" என்று நாம் சொல்லும்போது, அந்தப் பழக்கத்திற்கு விலை ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சிகளில் இன்னொரு நுட்பம் தெரிந்தது. சிலரைப் பேரிரைச்சலுக்கு நடுவே வேலை செய்ய வைத்தனர். அவர்களுள் ஒரு பகுதியினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியாவிட்டால் இதை அழுத்தி இரைச்சலை நிறுத்தலாம்; ஆனால் அழுத்தாமல் இருப்பதே எங்களுக்கு விருப்பம்" என்றனர். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. இரைச்சல் ஓய்ந்த பின்னர் எல்லாருக்கும் கடினமான புதிர்கள் தரப்பட்டன. பொத்தான் இருந்தவர்கள் நெடுநேரம் முயன்றனர். இல்லாதவர்கள் விரைவில் கைவிட்டனர். கேட்ட இரைச்சல் இருவருக்கும் ஒன்றே. "என்னால் இதை நிறுத்த முடியும்" என்ற எண்ணமே ஒருவரின் ஊக்கத்தைக் காத்தது. சூழ்நிலையில் நமக்குச் சிறிதேனும் உரிமை இருக்கும்போது மனம் தளர்வதில்லை.

சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

நோயுற்றோரைப் பேணும் கலைக்கு வழிகாட்டிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட செவிலியர் குறிப்பு நூலில், நோயாளிக்குத் தூய காற்றும் சூரிய வெளிச்சமும் அமைதியும் மருந்துக்குச் சமமாக வேண்டும் என்று வலியுறுத்தினார். படுத்திருப்பவர் சன்னல் வழியே வெளியே பார்க்க முடிவதும், கண்ணுக்கு இனிய மலர்கள் அருகில் இருப்பதும் உடலுக்கே நன்மை செய்யும் என்பது அவர் அனுபவம்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இக்கருத்தை எண்களால் சோதித்தவர் ரோஜர் உல்ரிக். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் ஏடுகளை அவர் எடுத்துக்கொண்டார். சில அறைகளின் சன்னல்கள் மரங்களை நோக்கியிருந்தன. மற்றவை வெறும் செங்கற்சுவரை நோக்கியிருந்தன. வயது, பால் முதலியவற்றில் ஒத்தவர்களை இணை இணையாகப் பொருத்தி, பக்கத்திற்கு 23 பேராக 46 பேரை ஒப்பிட்டார்.

மரத்தைப் பார்த்தவர்கள் அறுவைக்குப் பின் சராசரி 7.96 நாட்களில் வீடு திரும்பினர். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. மரத்தைப் பார்த்தவர்கள் வலி நீக்கும் கடுமையான மருந்துகளைக் குறைவாகவே வேண்டினர். "நோயாளி அழுகிறார்", "மிகவும் தேற்ற வேண்டியிருக்கிறது" என்பன போன்ற குறிப்புகளைச் செவிலியர் அவர்களைப் பற்றி எழுதியதும் குறைவு. இது 1984ஆம் ஆண்டு "சயின்ஸ்" இதழில் வெளிவந்தது. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அதன் பின்னர் உலகின் பல இடங்களில் மருத்துவமனை கட்டுவோர் தோட்டத்தையும் சன்னலையும் பற்றிச் சிந்திக்க இது தூண்டுகோலாயிற்று.

நமது வகுப்பறைச் சன்னலருகே நிற்கும் வேப்ப மரத்தை இனி வேறு கண்ணால் பார்ப்போம். அது நிழல் மட்டும் தருவதில்லை.

நாற்காலிகளை மாற்றியபோது

கனடா நாட்டின் சஸ்காட்செவான் மாநிலத்தில் முதிய பெண்கள் தங்கியிருந்த மருத்துவமனைக் கூடம் ஒன்று, 1950களில் புதிய நாற்காலிகளாலும் வண்ணங்களாலும் அழகுபடுத்தப்பட்டது. ஆனால் அங்கிருந்த பெண்கள் முன்போலவே ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தனர். இராபர்ட் சோமர் என்ற இளம் உளநூலறிஞர் காரணத்தைத் தேடினார். நாற்காலிகள் எல்லாம் சுவரோரமாகத் தோளோடு தோள் ஒட்டி வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்களைப் போல எல்லாரும் எதிரே வெறித்துப் பார்த்துக் கொண்டிருந்தனர். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். முதுமையில் அதுவும் ஒரு துன்பம்.

சோமர் சிறு மேசைகளைக் கொண்டு வந்து, அவற்றைச் சுற்றி நாற்காலிகளைப் போடச் செய்தார். மேசை மீது பூக்களும் பத்திரிகைகளும் வைக்கப்பட்டன. முதலில் எதிர்ப்பு எழுந்தது. நாற்காலிகள் மறுபடி சுவரோரம் போய்விட்டன! பழகிய இடம் நமக்கு நன்மை செய்யாவிட்டாலும் அதை விட மனம் வருவதில்லை. சில வாரங்கள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது நன்கு பெருகியிருந்தது, படிப்பதும் கூடியிருந்தது. "இவர்கள் பேசாதவர்கள்" என்று கருதப்பட்டவர்கள், முகம் பார்த்து உட்கார்ந்ததும் பேசினர்.

உரோமையில் ஒரு குழந்தைகள் இல்லம்

இந்த உண்மையைக் கல்விக்கு அடித்தளமாக்கியவர் கத்தோலிக்கப் பெண்மணியான மரியா மாண்டிசோரி அம்மையார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் "குழந்தைகள் இல்லம்" ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்ற பின்னர் அங்குள்ள சிறுவர்கள் கவனிப்பாரின்றித் திரிந்து கட்டடத்தைப் பாழாக்கினர் என்பதே அந்த இல்லம் தோன்றக் காரணம்.

அம்மையார் அவர்களைத் தண்டிக்கவில்லை, இடத்தை மாற்றினார். குழந்தை தூக்கக்கூடிய சிறு நாற்காலிகளும் மேசைகளும் செய்வித்தார். கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரிகளை வைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வகுத்தார். முரடர்கள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் ஒரே வேலையில் நெடுநேரம் ஆழ்ந்திருந்தனர். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தனர். ஆயத்தம் செய்யப்பட்ட சூழ்நிலையே ஓர் ஆசிரியர் என்பது அம்மையாரின் கொள்கையாயிற்று.

இந்த அம்மையாருக்கும் நம் தமிழ்நாட்டிற்கும் தொடர்பு உண்டு. 1939ஆம் ஆண்டு அவர் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போர் மூண்டதால் இத்தாலியரான அவர் இங்கேயே தங்க நேர்ந்தது. போரின்போது சில ஆண்டுகள் கோடைக்கானலில் தங்கியபோது, செடிகளையும் உயிரினங்களையும் மலைச் சூழலையும் குழந்தைகளின் பாடமாக்கினார்.

எல்லாம் சூழ்நிலைதானா?

இனி, முன்பு காத்திருக்கச் சொன்ன மாணவிக்குப் பதில். சூழ்நிலை நம்மைத் தள்ளுகிறது. ஆனால் கட்டிப் போட்டுவிடுவதில்லை. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை, எமி வெர்னர் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் போன்ற பல துன்பங்களுக்கு இடையே வளர்ந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் அன்பும் உள்ளவர்களாக வளர்ந்து ஆளாயினர். அவர்களுக்குத் துணை நின்றவை எவை? அவற்றுள் முக்கியமானது, அவர்களை மனமார ஏற்றுக்கொண்ட ஒருவரேனும் அருகில் இருந்ததாகும். அவர் பாட்டியாகவோ, அக்காவாகவோ, ஆசிரியையாகவோ இருந்தார்.

ஆகவே, சூழ்நிலை என்பது சுவரும் சன்னலும் மட்டுமன்று. நீயும் நானும் மற்றவருக்குச் சூழ்நிலையாக இருக்கிறோம்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள்தோறும் பாடம் படிக்காமலே வருவாள். வகுப்பில் கண் அயர்வாள். ஒரு நாள் பொறுமை இழந்து, எல்லார் முன்னிலையிலும் அவளைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, தலையைக் குனிந்து கொண்டாள்.

சில வாரங்களுக்குப் பின் மழைக்காலத்தில் அவள் தொடர்ந்து வரவில்லை. விசாரிக்க வீட்டிற்குச் சென்றேன். மாவு மில் ஒன்றை ஒட்டி ஒரே அறை. அதில் ஆறு பேர். மில் ஓடும்போது சுவரே அதிர்ந்தது. நான் பேசியது அவள் தாயாருக்குக் கேட்கவில்லை. வெளியே வந்துதான் பேசினோம். இரவு பத்து மணிக்கு மில் நின்ற பிறகு, வாசற்படியில் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து அவள் படிப்பாள் என்றும், மழை பெய்தால் அதுவும் இல்லை என்றும் அந்த அம்மா சொன்னார்கள். "உட்காருங்க டீச்சர்" என்று அந்தச் சிறுமி எனக்காக ஒரு பாயை உதறிப் போட்டாள். அதில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது.

தலைமையாசிரியையிடம் பேசி, மாலையில் ஒரு மணி நேரம் நூலகத்தைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தோம். அவளைப் போல வேறு சிலரும் வந்தனர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் முதல் மாணவியாகிவிட்டாள் என்று கதை சொல்ல மாட்டேன். தேர்ச்சி பெற்றாள், கை உயர்த்திக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். எல்லார் முன்னிலையிலும் நான் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் எல்லார் முன்னிலையிலும் திரும்பப் பெறாமலே விட்டுவிட்டேன். அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய மாற்றங்களைச் செய்யும் வசதி நமக்கு இல்லாமல் இருக்கலாம். சிறியவை நம் கையில் உள்ளன. வீட்டில் ஒரு பாய் அளவு இடமாயினும் அதைப் படிப்பதற்கென்று வைத்து, நாள்தோறும் அங்கேயே அமர்க. சில நாட்களில் அந்த இடமே படிக்கத் தூண்டும். சிற்றாலயத்தின் படி நம்மை மௌனமாக்குவதும் இந்த முறையில்தான். வெளிச்சம் வரும் பக்கத்தை நோக்கி உட்காருக. தம்பி தங்கை படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் உதவி. வகுப்பில் ஒதுங்கியிருக்கும் தோழியைப் "பேசாதவள்" என்று முடிவு செய்யுமுன், அவள் எங்கே அமர்ந்திருக்கிறாள் என்று பார்த்து, அவள் முகம் தெரியும்படி நம் இடத்தை மாற்றிக்கொள்வோம்.

ஊருக்கும் கடமை உண்டு. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி செய்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடும் விதிக்கின்றன. திருமணமோ திருவிழாவோ, நம் கோயில் திருவிழாவே ஆயினும், ஒலிபெருக்கியின் வாயைத் தெருப்பக்கம் திருப்பும்போது அத்தெருவில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும் என்பதை நினைப்போம்.

நம் ஆண்டவர் பிறந்த இடத்தில் மாளிகை இல்லை. மாட்டுத் தொழுவந்தான் இருந்தது. ஆனால் அன்னை மரியாளும் புனித சூசையப்பரும் அங்கே இருந்தனர். அந்தத் தொழுவத்தை இல்லமாக்கியவர்கள் அவர்களே. நாம் இருக்கும் வகுப்பறை, நாம் இருப்பதனால் மற்றொருத்திக்கு அமர்ந்து படிக்கத்தக்க இடமாகுமா? இக்கேள்வியோடு நாளைக் காலை வகுப்பிற்குள் நுழைவோம்.